இணையத்தளம் யாருக்கு?



கண்டியிலிருந்து வத்தேகமைக்குப் போகும் பாதையில் ஒரு மாதர் குழு இயங்கி வருகிறது. பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மொத்தம் பதினொரு பேர். இவர்களில் ஆறு பேரின் பெற்றோர், 1977 வன்செயலுக்குப் பின் இந்தப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்து, கலியாணம் கட்டி, 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமிலிருந்து வெளியே வந்தபோது போக்கிடம் இல்லாமல் தாய்மாமனையும் பெரியம்மாவையும் தேடி மறுபடியும் மலைக்கே வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் யாழ்ப்பாணப் பக்கம். மிச்சப் பேர் இங்கேயே இருந்தவர்கள். எல்லோரும் சேர்ந்து மிளகாய்த்தூள் வறுத்து அரைத்து விற்கிறார்கள். மலையில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத் தூள்! வாசனை பாதை வரைக்கும் வரும்.

சென்ற மாதம் அவர்கள் என்னைக் கூப்பிட்டது தூளுக்காக அல்ல, ஒரு படிவத்துக்காக. வெளிநாட்டில் இருக்கும் நலன்விரும்பி ஒருவர், குழுவுக்கு இணையத்தளம் அமைக்கப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு திட்ட முன்மொழிவு அனுப்ப வேண்டும். படிவத்தில் பெயர், விலாசம், உறுப்பினர் தொகை எல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார்கள். இரண்டு கட்டங்கள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. ஒன்று, செயற்றிட்டத்தின் நோக்கம். மற்றது, இலக்குக் குழு.

“மிஸ், இந்த ரெண்டையும் நீங்களே நல்ல தமிழ்ல எழுதிக் குடுத்திடுங்க” என்றார் குழுத் தலைவி.

எழுதிக் கொடுத்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. போரினால் பாதிக்கப்பட்ட பெண்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தல், வலுவூட்டல், விழிப்புணர்வு ஏற்படுத்தல் என்று இந்தக் கை எத்தனை படிவங்களில் எழுதியிருக்கும்! ஆனால் இந்த முறை பேனை ஓடவில்லை. காரணத்தை உங்களுக்கும் சொல்லத்தான் வேண்டும்.

2005ஆம் ஆண்டு, சுனாமிக்குப் பிறகு உதவிப் பணம் வந்துகொண்டிருந்த காலம். வேறொரு பெண்கள் குழுவுக்காக நானும் சிலரும் சேர்ந்து ஓர் இணையத்தளம் செய்வித்தோம். தையல் செய்யும் குழு அது. நோக்கம் என்ற இடத்தில் விழிப்புணர்வு என்று எழுதினோம். இலக்குக் குழு, உலக மக்கள். தளம் முழுவதும் ஆங்கிலம். தமிழ்ப் பக்கம் ஒன்றும் இருந்தது, ஆனால் பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் நண்டு கால் போல ஏதோ தெரியும். முகப்பில் என்ன போடலாம் என்று யோசித்து, கணவனை இழந்த ஒரு சகோதரி அழுதுகொண்டிருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டோம். அவரிடம் அனுமதி கேட்டோமா என்றால், கேட்டோம். “இணையத்தில போடப் போறம்” என்றோம், அவரும் தலையாட்டினார். இணையம் என்றால் என்னவென்று அவருக்கு யார் சொன்னது?

பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்கு அது பெரிய சந்தோஷம். பிறகுதான் புரிந்தது, அதில் அரைவாசி நாங்களே திறந்து திறந்து பார்த்த கணக்கு. ஒரு சட்டைக்குக்கூட ஓடர் வரவில்லை. பணம் முடிந்தது. அடுத்தடுத்த வருடங்களில் முகவரியைப் புதுப்பிக்க யாரும் காசு கட்டவில்லை. கட்டாமல் விட்ட முகவரியை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். நான் தற்செயலாக ஒருநாள் திறந்து பார்த்தபோது அதில் சூதாட்ட விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அதைக்கூட மறந்துவிடலாம். அந்தச் சகோதரியின் படத்தை யாரோ எடுத்து, வேறொரு பெயரும் வேறொரு கதையும் வைத்து, காசு சேர்க்கும் ஒரு பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவருடைய தங்கையின் கணவர்தான் கண்டு சொன்னார். எங்கள் தளம் அழிந்தும், படம் அழியவில்லை. அந்தச் சகோதரி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “நான் செத்திட்டன் எண்டு போட்டிருக்காம், உண்மையோ?” என்று மட்டும் கேட்டார்.

அதனால் படிவத்தை மூடி வைத்துவிட்டு, “முதலில் இதைப் பற்றிக் கதைப்போம்” என்றேன்.

கதைக்கத் தொடங்க எனக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. அது தூரத்தில் இல்லை, கம்பளைக்கு அப்பால் கொத்மலையிலேயே இருக்கிறது. மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பல கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. இடம்பெயர்ந்த மக்களையும் சுற்றுவட்டார மக்களையும் மனதில் வைத்து 1989இல் கொத்மலை சமூக வானொலி தொடங்கியது. 1998-99 காலத்தில் யுனெஸ்கோவின் உதவியோடு அந்த வானொலி நிலையத்துக்கு இணைய இணைப்பு வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களுக்கும் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் கிராமத்தில் கணனி ஏது? இணையத்தில் இருந்தவையும் பெரும்பாலும் ஆங்கிலம். இணைப்பைக் கொடுத்துவிட்டு, வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தால் நாலு படித்த பையன்கள்தான் வந்திருப்பார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் வேறொன்று செய்தார்கள். தங்கள் நேயர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர் தோட்டத்தில் அல்லது வயலில் வேலை செய்பவர், காதில் வானொலி வைத்திருப்பவர், ஆங்கிலம் வாசிக்காதவர். ஆகவே, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள் என்றார்கள். கேள்விகள் கடிதமாக வந்தன. அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி எடுத்து, விஷயம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் இருத்தி, அந்த மக்களின் பேச்சு மொழியிலேயே வானொலியில் விளக்கினார்கள். வைத்தியம் பற்றிய கேள்வி என்றால் ஒரு வைத்தியர் வந்து இருப்பார். இணையத்தைக் கண்ணால் காணாத ஒருவருக்கும் இணையத்தின் பயன் போய்ச் சேர்ந்தது. 2001இல் யுனெஸ்கோ, வானொலியும் கணனியும் சேர்ந்த சமூக நிலையங்களை வேறு நாடுகளிலும் தொடங்கியபோது கொத்மலையைத்தான் முன்மாதிரியாகக் காட்டியது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி சிங்களத்தில் இருந்தது. சுற்றியிருக்கும் தோட்டங்களில் தமிழ் பேசும் பெண்கள் எத்தனையோ ஆயிரம். நேயர் யார் என்று ஓர் ஆளை மனதில் வரைந்துகொள்ளும்போது, அந்தப் படத்துக்கு வெளியே யார் நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொன்ன பிறகு, ஒரு பெரிய வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, “எதுக்காக உங்களுக்கு இணையத்தளம்?” என்று கேட்டேன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தூள் விற்க. எங்களுக்கு நடந்ததை உலகம் அறிய. உதவி கிடைக்க. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்ல. “பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கும் இருக்கே” என்று ஒருவர் உண்மையை ஒத்துக்கொண்டார், எல்லோரும் சிரித்தோம்.

யாழ்ப்பாணப் பக்கத்து அக்கா ஒருவர் கடைசிவரை பேசவில்லை. பிறகு மெதுவாக, “என்ர அவரின்ர படத்தையும் அதில போடலாமோ? ஆரும் கண்டால் சொல்லுவினம்” என்றார்.

அறை அமைதியாகிவிட்டது. அவருடைய கணவர் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. என்ன பதில் சொல்வது? தூள் வாங்க வரும் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து என்ன செய்ய முடியும்? பரிதாபப்படுவார், தாண்டிப் போவார். அக்கா மாதக்கணக்காக அழைப்பு வரும் என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏமாற்றுக்காரர் யாராவது “உங்கள் கணவரைக் கண்டேன், இவ்வளவு காசு அனுப்புங்கள்” என்று கதைக்கவும் கூடும். இப்படிப் பலருக்கு நடந்திருக்கிறது. காணாமல் போனவர்களைத் தேடும் வேலைக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் ஒன்று. செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு வேலை மற்றொன்று. அந்த இடங்களில் எங்களில் பலருக்குக் கிடைத்த பதில் என்ன என்பது எனக்கும் தெரியும், ஆகவே அவற்றைப் பெரிதாகப் புகழ மாட்டேன். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், மிளகாய்த்தூள் தளத்தில் அல்ல. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவே சொன்னார்: “அங்க குடுத்திட்டன். பதிவு இலக்கமும் இருக்கு. ஒருக்கால் கேட்டுப் பாத்தன், அவ்வளவுதான்.”

வன்னியிலிருந்து வந்த இன்னொரு சகோதரி அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வேறு பயம். “மிஸ், அப்பிடியெண்டா எங்கட படம், எங்கட கதை? அதைப் போட்டாத்தான் வெளிநாட்டுச் சனம் வாங்கும் எண்டு அந்த ஐயா சொன்னவராம். என்ட மகன் இப்ப எட்டாம் வகுப்பு. போன்ல எல்லாம் பாக்கிறான். அவனுக்கு நான் சொல்லாத விஷயம் கொஞ்சம் இருக்கு. அதை அவன் அதில போய் வாசிக்கக் கூடாது.”

இதற்குப் பிறகு எங்களுடைய வேலை சுலபமாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். யாருக்கு நடந்ததோ அவர்களைப் பற்றிய தளம் ஒன்று. அவர்கள் செய்யும் பொருளை வாங்குபவருக்கான தளம் வேறொன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டால் வாங்க வருபவர் பரிதாபத்துக்காக ஒருமுறை வாங்குவார், அடுத்த மாதம் வர மாட்டார். நடந்ததைச் சொல்வதும் தேவைதான், யாரும் மறுக்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவர், அதை ஆவணமாகப் பாதுகாக்க வேண்டியவர் வேறு ஆள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தைப் பாருங்கள். இலங்கைத் தமிழ் எழுத்துக்கள் அழிந்துபோகாமல் சேர்த்து வைத்து, யாரும் இலவசமாக வாசிக்கக் கொடுப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. தொடங்கியபோது இருந்த நோக்கம் இன்றும் ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருக்கிறது. எங்கள் பழைய பெண்கள் சஞ்சிகைகள் பலவற்றை நான் அங்கேதான் தேடி வாசிக்கிறேன். அதில் யாராவது மிளகாய்த்தூளையும் விற்றிருந்தால் இவ்வளவு காலம் நின்றிருக்குமா?

சரி, தூள் வாங்குவது யார்? உலக மக்கள் என்று ஒருவர் தொடங்கினார். நான் விற்பனைக் கொப்பியை எடுத்துவரச் சொன்னேன். நல்ல காலம், இந்தக் குழுவில் கணக்கு எழுதும் தங்கை ஒருவர் பென்சிலால் என்றாலும் ஒவ்வொரு பைக்கற்றையும் எழுதி வைத்திருந்தார். முந்திய மாதம் 74 பைக்கற் போயிருந்தது. அதில் 31 பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு மாணவி வாங்கிக்கொண்டுபோய்ப் பகிர்ந்திருக்கிறார். 22 கண்டி நகரத்துத் தமிழ் வீடுகளுக்கு, பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வரும் பெண்கள் வழியாக. 12 ஒரு சாப்பாட்டுக் கடைக்கு. 6 அயலில் இருக்கும் சிங்களக் குடும்பங்களுக்கு. வெளிநாட்டுக்கு எத்தனை? மூன்று. அதுவும் லீவில் வந்துபோன ஒரு மருமகன் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனது.

தாளில் 74 புள்ளிகள் வைத்துப் பார்த்தபோது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மூன்று பேருக்காக ஆங்கிலத்தில் தளம் செய்யப் புறப்பட்டிருந்தோம். அத்தோடு தூளை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் தபால் செலவு தூளின் விலையைத் தாண்டிவிடும்.

பல்கலைக்கழகப் பிள்ளைகளா, நகரத்து வீடுகளா என்று பிறகு ஒரு வாதம். பிள்ளைகள் விடுமுறைக்குப் போனால் விற்பனை விழுந்துவிடும், நாலு வருடத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். வீடுகள் நிலையானவை. ஆனால் வீட்டு அம்மாமார் வாய்ச் சொல்லை நம்புகிறார்கள், தளத்தைத் தேடிப் பார்ப்பதில்லை. போனில் தேடுகிறவர்கள் பிள்ளைகளும், வேலைக்கு வந்து அறை எடுத்து இருக்கிறவர்களும்தான். கொப்பி எழுதும் தங்கை அப்போது ஒன்று சொன்னார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். “ஊரிலிருந்து அம்மா கட்டிக் குடுத்த தூள் முடிஞ்சு போன பிள்ளை. அவதான் மிஸ் எங்கட ஆள்.”

இதைவிட நல்ல இலக்குக் குழுவை எந்த ஆலோசகரும் எழுதித் தர முடியாது. அவளை எங்களுக்குக் கண் முன்னால் தெரிகிறது. கிளிநொச்சியிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ வந்து பேராதனையில் அறை எடுத்துப் படிக்கிறாள், அல்லது கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். பின்னேரம் பசியோடு வந்து, கறி வைக்கப் போத்தலைத் திறந்தால் அடியில் ஒரு கரண்டி தூள். ஏ9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது என்றாலும் அம்மாவின் அடுத்த பார்சல் வர இன்னும் மூன்று கிழமை. கடைத் தூளில் அந்த ருசி வராது. கையில் போன் இருக்கிறது, டேட்டா கொஞ்சம்தான் இருக்கிறது.

அவளை வைத்துக்கொண்டு கேட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தானாக வந்தது. எந்த மொழி? தமிழ், கீழே சிறிதாகச் சிங்களம். அயலில் ஆறு பைக்கற் வாங்கும் வீடுகளை விட முடியுமா? ஆங்கிலம் இப்போதைக்கு வேண்டாம். எழுத்து யுனிகோட். தேடுபொறியில் “கண்டியில் யாழ்ப்பாண மிளகாய்த்தூள்” என்று அவள் தமிழில் தேடினால், பழைய எழுத்துருவில் எழுதியது அவளுக்கு அகப்படாது. படங்கள்? தூளின் படம் ஒன்று, வறுக்கும் தாச்சி ஒன்று, கைகள் தெரியலாம், முகம் வேண்டாம். பெரிய படங்கள் போட்டால் டேட்டா தின்னும். எத்தனை பக்கம்? ஒன்று போதும். முகவரி? தமிழிலேயே .இலங்கை என்று முடியும் முகவரி 2010இலிருந்து எடுக்க முடிகிறது. எல்லோருக்கும் அதில் ஆசை. ஆனால் தொலைபேசியில் ஒருவருக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்த்தோம், ஆங்கில எழுத்தில் சிறிய முகவரிதான் வசதியாக இருந்தது. ஆசையை ஒத்திப்போட்டோம்.

தொலைபேசி இலக்கம் பற்றி மட்டும் நீண்ட நேரம் கதைத்தோம். தலைவி தன் இலக்கத்தைப் போடச் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணின் இலக்கம் வெளியே போனால் இரவில் எப்படிப்பட்ட அழைப்புகள் வரும் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, உங்களில் பலருக்குத் தெரியும். குழுவுக்கென்று ஒரு புதிய சிம், ஒரு பழைய போன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை தூள் அரைக்கும் வீட்டில் இருக்கும். மாலையில் அணைத்து வைப்பது. வீட்டு விலாசமும் பக்கத்தில் போடுவதில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெயரும் இல்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் நாட்டில் ஒரு சட்டமும் (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) நிறைவேறியிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் வாயை நாங்கள் கட்டுவதுதான் முதல் பாதுகாப்பு.

பிறகு நோக்கத்துக்கு வந்தோம். வலுவூட்டல் என்றால் எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்? ஆகவே எண்ணால் எழுதுவோம் என்றேன். உற்சாகத்தில் “ஆறு மாசத்தில 150 பைக்கற்!” என்றார்கள். வறுக்கும் அம்மா கையை உயர்த்தினார். “எண்ணிக்கை நல்லாத்தான் இருக்கு. வறுக்கிறது யாரு? அந்தப் புகைக்கு எனக்கு இப்பவே இழுப்பு வருது.” உண்மைதான். செத்தல் மிளகாய் வறுத்தவர்களுக்குத் தெரியும் அந்தக் காறல். மில்லிலும் சனிக்கிழமை மட்டும்தான் இவர்களுக்கு நேரம் தருகிறார்கள், முதல் ஆள் அரைத்த மஞ்சள் மிச்சம் இருந்தால் தூளின் நிறமே மாறிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், இன்னொருவரையும் வறுக்கப் பழக்கினால் 120 வரை செய்யலாம். 120 என்று எழுதினோம். அதில் குறைந்தது 20 பைக்கற், முன்பின் எங்களைத் தெரியாமல் தளத்தைப் பார்த்து அழைத்தவர்களிடமிருந்து வர வேண்டும். அது எப்படித் தெரியும்? அழைக்கும் ஒவ்வொருவரிடமும் “எங்களை எப்பிடித் தெரியும்?” என்று கேட்டு, கொப்பியில் ஒரு புதிய நிரலில் அடையாளம் போடுவது. ஆறு மாதத்தில் அந்த இருபது வராவிட்டால் தளத்தை மூடிவிட்டு, கோயில் வாசலோடு நின்றுகொள்வது. இதையும் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். “அப்பிடி எழுதினா அந்த ஐயா காசு தருவாரா?” என்று தலைவிக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம்தான்.

நலன்விரும்பி தருவதாகச் சொன்ன தொகையில் ஒரு பக்கத் தளத்துக்குப் பாதிகூடத் தேவையில்லை. மிச்சத்தை என்ன செய்வது என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் படிவத்தில் எழுதினோம். முகவரிக்கும் தளத்துக்கும் மூன்று வருடக் கட்டணம் முற்பணமாக. பைக்கற் ஒட்டும் இயந்திரம் ஒன்று. லேபல் அச்சடிப்பு. அரைக்கும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, லேபலில் நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி எல்லாம் ஒழுங்காகப் போட்ட பிறகுதான் தளத்தில் விளம்பரம். தளம் வந்து பிரச்சினையும் சேர்ந்து வரக்கூடாது. முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதச் சொன்னேன். 2005இல் அந்த ஒரு வரியை நாங்கள் எழுதி வைத்திருந்தால் பாதித் துன்பம் இல்லை.

படிவம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. பணம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, பக்கத்தில் வர வேண்டிய எழுத்தை ஒரு தாளில் எழுதினோம். பதினொரு பேரும் சேர்ந்து எழுதியதால் ஒரு வரிக்கு அரை மணித்தியாலம். கடைசியில் தாளில் நின்றது இதுதான்: வறுத்து அரைத்த யாழ்ப்பாண மிளகாய்த்தூள், கண்டியில் செய்கிறோம். என்ன சேர்கிறது என்ற விபரம் (செத்தல், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை). நிறை, விலை. அழைக்க வேண்டிய நேரம், இலக்கம். கீழே, செய்பவர்கள் பதினொரு பெண்கள் என்று ஒரு வரி. போர் என்ற சொல் வேண்டுமா என்று வாக்கெடுத்தோம். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள், மூன்று பேர் வேண்டும் என்றார்கள். கணவரைத் தேடும் அக்கா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைவியும் கொப்பித் தங்கையும் நானும் பேராதனை வளாகத்துக் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குப் போனோம். அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தோம். படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு மாணவியிடம் காட்டி, “தங்கச்சி, இது ஒரு இணையத்தளத்தில வந்தா உங்களுக்கு விளங்குமா எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றேன். நாங்கள் ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை. பிள்ளை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தாள். விலையில் நின்றாள். பிறகு மறுபடியும் மேலே போய்த் தேடினாள்.

“தூள் சரி அன்ரி. அதை எங்க வந்து எடுக்கிறது? நீங்க கொண்டுவந்து தருவீங்களா?”

மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து எழுதிய பதினொரு பேருக்கும், எனக்கும், அது ஞாபகம் வரவில்லை. கொப்பித் தங்கை அங்கேயே படியில் குந்தி, பென்சிலை எடுத்து, வெள்ளி பின்னேரம் நாலரை, கோயில் படி என்று எழுதினார். எழுதிவிட்டு, “போயா நாளில எப்பிடி மிஸ்?” என்று என்னைப் பார்த்தார்.